மாப்பிள்ளை அனுப்பிய மூன்று புட்டிகள்

கேள்வி: பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது காட்பாடியில் இருக்கிறேன். 2015இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். நான்கு சிலிண்டர், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மனைவியை சி.எம்.சி. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, மார்க்கெட், கோயில் என்று பெரும்பாலும் ஊருக்குள்தான் ஓட்டம். எப்போதாவது பெங்களூரில் மகள் வீடு. லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி இப்போது 14 கூடக் கொடுப்பதில்லை. மாப்பிள்ளை மூன்று புட்டிகள் வாங்கி அனுப்பியிருக்கிறார்: இன்ஜின் ஆயிலில் ஊற்ற ஒன்று, பெட்ரோல் டேங்கில் ஊற்ற ஒன்று, 'ஆக்டேன் பூஸ்டர்' ஒன்று. சர்வீஸ் சென்டரிலோ 'இன்ஜின் பிளஷ்', 'இன்ஜின் கோட்டிங்' என்று 1,850 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். குடியாத்தத்தில் சரக்கு வண்டி ஓட்டும் என் மைத்துனர் டீசலில், டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டருக்கு ஊற்றும் 2டி ஆயிலைக் கலக்கிறார்; அதுதான் உண்மையான மருந்து என்கிறார். இவற்றில் எதை நம்புவது?

– வாசகர், காட்பாடி

பதில்: ஐயா, வணக்கம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயிலில் ஊற்றும் புட்டியைத் திறக்க வேண்டாம். ஆக்டேன் பூஸ்டர் உங்கள் வண்டிக்குத் தேவையே இல்லை. டேங்கில் ஊற்றும் புட்டிக்கு மட்டும் ஒரு வேலை இருக்கலாம், அதுவும் லேபிளைப் படித்துப் பார்த்த பிறகு. சர்வீஸ் சென்டர் கேட்கும் 1,850 ரூபாயைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களை உறுத்துவது மைலேஜ் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று நினைத்துத்தானே எல்லோரும் புட்டியோடு வருகிறார்கள்? இன்ஜினுக்கு முன்னால் பெட்ரோலைப் பார்க்க வேண்டும். 2013-14இல் நம் நாட்டுப் பெட்ரோலில் கலந்திருந்த எத்தனால் சராசரியாக 1.5 சதவீதம். 2022 ஜூனில் அது 10 சதவீதத்தைத் தொட்டது. 2025இல் 20 சதவீதம் ஆகிவிட்டது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21தான். எண்பதுக்கு இருபது கலந்தால் லிட்டருக்கு 30ஐ ஒட்டி வருகிறது, அதாவது ஏறக்குறைய 7 சதவீதக் குறைவு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலும், இ10, அதாவது 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரிசெய்யப்பட்ட பழைய வடிவமைப்புக் கார்களில், 20 சதவீதம் கலந்த இ20 ஊற்றினால் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்றுதான் இருக்கிறது. உங்கள் 16 அப்படியே 15 ஆகிவிட்டது. அதில் உங்கள் வண்டியின் குற்றம் எதுவும் இல்லை. சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் கலவையில் எரிபொருள் போதவில்லை என்று சொல்ல, கணினி இன்ஜெக்டரைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைக்கிறது. வண்டி சரியாகத்தான் வேலை செய்கிறது.

இப்போது புட்டியின் கணக்கைப் பாருங்கள். 35 லிட்டர் டேங்கில் 300 மில்லி ஊற்றுகிறோம். ஒரு சதவீதம்கூட இல்லை. அந்தப் புட்டி முழுவதும் சுத்தமான பெட்ரோலாகவே இருந்தாலும், அது கொடுக்கும் வெப்பம் அந்த ஒரு சதவீதத்துக்குள்தான். எரிபொருளில் இல்லாத வெப்பத்தை எந்தத் திரவமும் புதிதாக உண்டாக்காது. ஏற்கெனவே அழுக்கால் வீணாகிக்கொண்டிருப்பதை மீட்டுத் தர முடியும், அவ்வளவுதான். நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினில் வீணாகிறதே கொஞ்சம்.

மீதி ஒரு கிலோமீட்டர் எங்கே போனது என்று நீங்கள் கேட்கலாம். காட்பாடியிலிருந்து விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள் என்று நின்று நின்று சி.எம்.சி. போய்ச் சேரும்போதுதான் இன்ஜின் சரியான சூட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். அங்கே நிறுத்திவிடுகிறீர்கள். திரும்பும்போது மறுபடியும் முதலிலிருந்து. மே மாதத்து வேலூர் வெயிலில் ஏ.சி. இல்லாமல் வயதானவரை அழைத்துப் போகவும் முடியாது. சிக்னலில் நிற்கும் வண்டி ஏ.சி.யோடு எரிப்பதெல்லாம் பூஜ்யம் கிலோமீட்டர் கணக்கில் எழுதப்படுகிறது. டயரில் காற்று, ஏர் பில்டர், உரசிக்கொண்டே ஓடும் பிரேக் ஆகியவற்றை ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். தயங்கித் தயங்கி நின்றால் பணத்தை அங்கே செலவழியுங்கள்.

இனி ஆயில் புட்டி. இதில்தான் அதிகம் ஏமாற்று இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கடையில் வாங்கும் இன்ஜின் ஆயில் வெறும் எண்ணெய் இல்லை. டப்பாவுக்குள் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை ஏற்கெனவே சேர்மானங்கள்தான். கரியைக் கழுவ ஒன்று, கழுவிய கரி ஓரிடத்தில் படியாமல் மிதக்க வைக்க ஒன்று, சூட்டில் எண்ணெய் நீர்த்துப் போகாமல் இருக்க ஒன்று, நுரை கட்டாமல் இருக்க ஒன்று, எண்ணெய் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து தடிக்காமல் இருக்க ஒன்று, உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் மெல்லிய படலம் கட்டத் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒன்று. இவை ஒன்றுக்கொன்று போட்டி போடுபவை. எல்லாவற்றுக்கும் உலோகப் பரப்பில்தான் இடம் வேண்டும். ஒன்று அதிகமானால் மற்றொன்றை அங்கிருந்து தள்ளிவிடும். உங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. குரோம் டிரம்மில் உப்பு, அமிலம், குரோம், கடைசியில் சோடா என்று அளவும் நேரமும் பார்த்துப் போட்டவர் நீங்கள். டிரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது வெளியாள் ஒருவர் வந்து, 'இதுவும் நல்ல கெமிக்கல்தான்' என்று ஒரு வாளியைக் கவிழ்க்க வந்தால் விட்டிருப்பீர்களா?

அந்தப் பாஸ்பரஸையே எடுத்துக்கொள்வோம். தேய்மானத்தைத் தடுப்பதில் அது கெட்டிக்காரன். ஆனால் எரிந்து வெளியே போகும் பாஸ்பரஸ், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்கிறது. அதனால்தான் இன்றைய பெட்ரோல் கார்களுக்கான 5டபிள்யூ-30 போன்ற ஆயில்களில் அது 0.06 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது, 0.08 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். தேய்மானத்தைத் தடுப்பதாகச் சொல்லும் புட்டிகளில் பல இதையேதான் கூடுதலாக ஊற்றுகின்றன. வரம்பை உங்கள் கையாலேயே உடைக்கிறீர்கள். பெரும்பாலான கார் கையேடுகளில் 'ஆயிலில் எதையும் சேர்க்காதீர்கள்' என்று ஒரு வரி இருப்பது இதனால்தான். அந்தக் கையேடு டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடக்கும்.

டெப்லான் கலந்த புட்டிகள் ஒரு காலத்தில் உலகத்தையே கலக்கின. 'காலையில் வண்டியைக் கிளப்பும்போது இன்ஜினுக்குள் ஆயிலே இருக்காது, எங்கள் பூச்சுதான் காப்பாற்றும்' என்பது விளம்பரம். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1996இல் ஸ்லிக் 50 என்ற பிரபலமான புட்டியின் மீது இதற்காகவே நடவடிக்கை எடுத்தது. சாதாரண ஆயிலே அந்த நேரத்திலும் போதுமான பாதுகாப்பு தருகிறது, விளம்பரம் சொல்வது உண்மையில்லை என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. நீங்கள் சொல்லும் 'இன்ஜின் கோட்டிங்' அதே கதையின் பேரப்பிள்ளை.

பொருட்காட்சியில் மேசை மேல் வைத்துக் காட்டும் இயந்திரத்தை உங்கள் மாப்பிள்ளை பார்த்திருக்கக்கூடும். சுழலும் இரும்பு வளையத்தின் மேல் ஒரு பேரிங் துண்டை வைத்து நெம்புகோலால் அழுத்துவார்கள். சாதாரண ஆயிலில் மோட்டார் முனகி நின்றுவிடும். புட்டியிலிருந்து நாலு சொட்டு விட்டதும் எவ்வளவு அழுத்தினாலும் சுற்றும். கூட்டம் வாயைப் பிளக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் அது இன்ஜின் இல்லை. அந்த அழுத்தத்தில் உலோகம் உலோகத்தைக் கடிக்கிறது. அங்கே குளோரின் சேர்ந்த பாராபின் போன்ற சரக்கு நன்றாகவே வேலை செய்யும். உங்கள் இன்ஜினில் கிராங்க் தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் சுற்றுகிறது. அந்தக் கடி அங்கே நடப்பதே இல்லை. அதே குளோரின் இன்ஜினின் சூட்டிலும் ஈரத்திலும் அமிலமாக மாறி பேரிங்கை அரிக்க மட்டும் தவறாது.

ஆயில் புட்டிகளில் இன்னொரு வகை உண்டு. உங்களுடையது எது என்று கண்டுபிடிப்பது எளிது. மூடியைத் திறந்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டு வைத்துப் பிரியுங்கள். நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தால் அதில் இருப்பது தடிப்பேற்றும் பாலிமர். பிஸ்டன் ரிங் தேய்ந்து நீலப்புகை விடும் இன்ஜினில் அதை ஊற்றினால் ஆயில் தடித்துப் புகை அடங்கும், சத்தம் குறையும், சில காலத்துக்கு. பழைய வண்டி விற்பவர்கள் சிலருக்கு இது மிகவும் பிடித்த சரக்கு. பழைய கார் வாங்கப் போகும்போது ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவி அதன் நுனியில் இதே விரல் சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. ஆயுள் முடியப்போகும் ஜீப்பை இன்னும் ஓர் அறுவடைக் காலம் ஓட்ட வேண்டும் என்று ஒரு விவசாயி கேட்டால் ஊற்றிக்கொள்ளுங்கள் என்பேன். புகையில்லாமல் ஓடும் உங்கள் வண்டியில் அதை ஊற்றினால், மெல்லிய ஆயிலுக்காக வடிவமைத்த சந்துகளுக்குள் தடித்த ஆயிலைத் திணிப்பீர்கள். மைலேஜ் இன்னும் குறையும்.

பிளஷ், அதாவது இன்ஜினின் உள்ளே கரைத்துக் கழுவும் மருந்து விஷயத்தில் ஒரு சோதனை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். உலோகம் பழுப்பு மஞ்சளாகத் தெரிந்தால் இன்ஜின் சுத்தமாக இருக்கிறது, பிளஷ் வீண். கறுப்புக் களிம்பு திட்டுத் திட்டாக அப்பியிருந்தால் பிளஷ் ஆபத்து. கரைந்து உதிரும் களிம்பு ஆயில் தேங்கும் சம்ப்பின் அடியில் உள்ள சல்லடையில் போய் அடைக்கும். பம்ப்புக்கு ஆயில் ஏறாது. டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரியும்போது காலம் கடந்திருக்கும். அப்படிப்பட்ட இன்ஜினுக்குச் சரியான வழி, நல்ல ஆயிலை ஊற்றிச் சீக்கிரமே மாற்றி, மறுபடியும் ஊற்றிச் சீக்கிரமே மாற்றுவது. கழுவும் மருந்து அந்த ஆயிலுக்குள்ளேயே இருக்கிறது, மெதுவாகத் தன் வேலையைச் செய்யும். சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் அந்த இரண்டு வரிகளையும் அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பில் வந்த பிறகு வாதாடுவது சங்கடம்.

'ஊற்றிய பிறகு வண்டி பஞ்சுபோல் ஓடுகிறது' என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. சர்வீஸின்போது ஊற்றுகிறார்கள். அன்றைக்கே புது ஆயில், புது பில்டர், டயரில் சரியான காற்று. பெயரெல்லாம் புட்டிக்குப் போகிறது. போதாததற்கு, காசு கொடுத்தவர் கால் தானாகவே ஆக்சிலரேட்டரில் மெதுவாகப் பதிகிறது.

ஆக்டேன் பூஸ்டருக்கு ஒரு பத்தி போதும். ஆக்டேன் என்பது சக்தியின் அளவு இல்லை. பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப் பிடிக்கும் என்பதன் அளவு. மேட்டில் ஏறும்போது இன்ஜின் 'கிணிங் கிணிங்' என்று தட்டாவிட்டால் கூடுதல் ஆக்டேனால் உங்களுக்குப் பயன் இல்லை. எத்தனாலே ஆக்டேன் அதிகம் உள்ள சரக்கு. இ20இல் அது தாராளமாக இருக்கிறது. புட்டியில் '30 பாயிண்ட் கூடும்' என்று போட்டிருந்தால், அந்த வியாபாரத்தில் பாயிண்ட் என்பது பத்தில் ஒரு பங்கு, அதாவது 91 என்பது 94 ஆகும் என்று பொருள். சில பூஸ்டர்களில் இரும்பு சேர்ந்த பெரோசீன் இருக்கும். கழற்றிப் பார்த்தால் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் செங்கல் நிறத்தில் இருக்கும். அந்தப் படிவு மின்பொறியைத் திசை திருப்பக்கூடியது. சேர்மானம் எதுவும் வேலை செய்யாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். ஆக்டேன் ஏற்ற ஈயத்தைப் போல் வேலை செய்தது எதுவும் இல்லை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி வரை நம் நாட்டில் அந்த விஷத்தை எரித்துக் குழந்தைகளின் மூச்சில் கலந்துகொண்டுதான் இருந்தோம்.

டேங்கில் ஊற்றும் புட்டிக்கு வருவோம். 'தண்ணீரை நீக்கும்' என்று மட்டும் போட்டிருந்தால் தூக்கிப் போடுங்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஒரு வகை ஆல்கஹால். உங்கள் டேங்கில் ஏற்கெனவே ஏழு லிட்டர் ஆல்கஹால் இருக்கும்போது இன்னும் 300 மில்லி எதற்கு? லேபிளில் பாலிஈதர் அமீன், அதாவது பி.ஈ.ஏ. என்று இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர் நுனியிலும் உள்ளிழுக்கும் வால்வின் முதுகிலும் படியும் கரியைக் கரைப்பதில் நிரூபணமான பொருள் அது. உங்கள் வண்டியில் இன்ஜெக்டர், வால்வின் மேல் படும்படி பெட்ரோலைத் தெளிப்பதால் மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். மாப்பிள்ளையின் வண்டி சமீபத்திய டர்போ ரகமாக, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் வகையாக இருந்தால், அதில் வால்வு மேல் பெட்ரோல் படுவதே இல்லை. டேங்கில் எதை ஊற்றினாலும் அந்த வால்வு சுத்தமாகாது. கழற்றி வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

நிற்கும்போது இன்ஜின் சீராக இல்லாமல் நடுங்குகிறதா, ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் ஒரு நொடி தயங்குகிறதா? அப்படியானால் அடுத்த முறை பெங்களூர் போகும்போது டேங்க் நிரப்புமுன் ஊற்றிவிட்டு, ஆம்பூர், கிருஷ்ணகிரி வழியாக ஒரே சீராக ஓட்டிச் செல்லுங்கள். ஊருக்குள் ஓட்டி அதே டேங்கைத் தீர்ப்பதைவிட இது மேல். இன்ஜின் ஆயில் மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்; இந்த மருந்தில் ஒரு பங்கு ரிங் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். நடுக்கமும் தயக்கமும் இல்லாவிட்டால் புட்டி அலமாரியிலேயே இருக்கட்டும்.

மைத்துனரின் 2டி ஆயிலுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது அதன் இயற்கையான வழவழப்பும் போய்விடுகிறது; டீசல் பம்ப்புக்கு அந்த வழவழப்பு தேவை. பி.எஸ்.4 என்ற பழைய புகை விதி இருந்த காலத்தில் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) ஆக இருந்த கந்தகம், பி.எஸ்.6 வந்த 2020 ஏப்ரலிலிருந்து 10 பி.பி.எம்.தான். ஆனால் நீக்கிய வழவழப்பைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே திரும்பச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். அதற்கென்று ஒரு தேய்மானச் சோதனையும் உண்டு. தேய்ந்த வடு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. 2டி ஆயில் பெட்ரோல் ஸ்கூட்டருக்காகச் செய்தது. அவருடைய வண்டி பி.எஸ்.6 ஆக இருந்து, சைலன்சர் வழியில் டி.பி.எஃப். என்னும் கரி வடிகட்டி இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கரி எரிந்து போகும்; ஆயிலின் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும். அந்த வடிகட்டியின் விலையைக் கேட்டால் அவரே நிறுத்திவிடுவார். அதற்குப் பதிலாக டீசல் பில்டரின் அடியில் இருக்கும் குமிழைத் திருகி, சேர்ந்திருக்கும் தண்ணீரை அவ்வப்போது இறக்கச் சொல்லுங்கள். நம் ஊர் டீசல் வண்டிகளைத் தொந்தரவு செய்வது வழவழப்புக் குறைவைவிடத் தண்ணீர்தான்.

உங்கள் வண்டிக்குக் கையேட்டில் ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்லியிருக்கலாம். அதன் கீழேயே சின்ன எழுத்தில் 'கடினப் பயன்பாடு' என்று ஒன்று இருக்கும்: குறுகிய தூரம், நெரிசல், புழுதி. உங்கள் ஓட்டம் அதுதான். அந்த இடைவெளியில் பாதியில் மாற்றுங்கள். புட்டிகளுக்கும் பிளஷுக்கும் போகும் பணம் ஓர் ஆயில் மாற்றத்துக்கு அநேகமாகச் சரியாக இருக்கும். கையேடு சொல்லும் தரத்தை டப்பாவில் பாருங்கள், பிராண்டுக்காகச் சண்டை போட வேண்டாம். காலி டப்பாவை ஓட்டை போட்டு எறியுங்கள். கலப்பட ஆயில் அடைத்து விற்பவர்களுக்கு முழு டப்பா கிடைக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் இன்ஜின் தேய்ந்துவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தால் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் மீட்டரைத் திருகி, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வைப்பார்கள். பொதுவாக 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்ட வேண்டும். நான்குக்கும் நடுவில் வித்தியாசம் 10, 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று குறைந்தால் அந்தத் துளைக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. ஆயில் விடுமுன் வந்த நான்கு எண்களையும், விட்ட பின் வந்ததையும் ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள், அடுத்து என்ன செய்வது என்று பார்க்கலாம்.